விமான மாடல்களில் மெத்தையும் தோலும்: இருக்கை உறைகளைப் புட்டியில் வடிக்க முழுமையான வழிகாட்டி

விமான மாடல் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் இருக்கையில் மெத்தை என்று இருப்பது பெரும்பாலும் ஓரம் மழுங்கிய ஒரு கட்டைதான். அதில் கத்திமுனையால் நாலு கோடு கீறி, பழுப்பு அடித்துவிட்டால் தோல் இருக்கை ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறோம். ஆகாது. கீறியது கீறலாகவே தெரியும்.

மெத்தை என்பது இரண்டு பொருள் சேர்ந்தது: உள்ளே அமுங்கும் அடைப்பு, வெளியே இழுத்துத் தைத்த உறை. அந்த உறையை எங்கோ தைத்திருக்கிறார்கள், எங்கோ இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், எங்கோ ஒருவர் உட்கார்ந்து அமுக்கியிருக்கிறார். சுருக்கம் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பிறக்கும். அந்த மூன்றையும் முதலில் சரியான இடத்தில் வைத்துவிட்டால், மடிப்பு எங்கே ஓட வேண்டும் என்று யோசிக்கவே தேவையில்லை. அந்த உறையைப் புட்டியில், அதாவது மாவு போலப் பிசைந்து உருவம் கொடுத்தபின் கெட்டியாக இறுகிவிடும் பொருளில், வடிப்பதுதான் இங்கே நம் வேலை.

முதலில், அங்கே மெத்தை இருந்ததா?

இரண்டாம் உலகப் போர்ச் சண்டை விமானங்கள் பலவற்றில் இருக்கையின் அடித்தட்டு வெறும் கிண்ணம்தான். விமானி பாராசூட் பையைப் பின்புறம் தொங்கவிட்டபடி ஏறி, அதன் மேலேயே உட்காருவார். அந்தப் பைதான் மெத்தை. ஆகவே விமானி இல்லாமல் வைக்கும் மாடலில் அடித்தட்டில் ஒரு தோல் மெத்தையைப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், வரலாற்றுப்படி தப்பாக இருக்கும். பாராசூட் பையையே வார்ப்பட்டைகளோடு செய்து வைக்கலாம். அது வேறு விஷயம், அதுவும் நல்ல வேலைதான்.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் வரிவரியாகத் தைத்த கறுப்புத் திண்டு இருக்கும், அடித்தட்டு காலி. இருக்கையும் பிற்காலத்தில் உலோகம் அல்ல. பிசின் ஊட்டி அழுத்திய காகிதத்தால் ஆனது, செம்பழுப்பு நிறம். ஜப்பானிய ஜீரோவில் எடை குறைப்பதற்காகத் துளை துளையாகப் போட்ட மெல்லிய உலோக இருக்கை. முதல் உலகப் போரின் சோப்வித் கேமலில் பிரம்பு இருக்கை. அந்தக் காலத்து விமானங்களில் நம் வேலை அதிகமும் காக்பிட் (விமானி உட்காரும் அறை) வாயைச் சுற்றி ஓடும் தோல் விளிம்பில்தான் இருக்கும். வியட்நாம் கால ஹியூயி ஹெலிகாப்டரில் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி இருக்கை, சுவரிலும் கூரையிலும் கட்டம் கட்டமாகத் தைத்த ஒலித்தடுப்பு மெத்தை விரிப்பு. நவீன ஜெட் என்றால் ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் வெளியேற்ற இருக்கை: தட்டையான திண்டுகள், ஏராளமான வார்கள். பொருள் மாறினால் மடிப்பு மாறும், மடிப்பு மாறினால் செய்முறையும் மாறும்.

படத்தை வாசிப்பது

கிடைக்கிற படங்களில் அருங்காட்சியக விமானங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அங்கே உறை புதிதாகத் தைத்து மாட்டியதாக இருக்கலாம். யாரும் உட்காராத மெத்தை உப்பிக்கொண்டு நிற்கும். பழைய பராமரிப்புக் கையேட்டுப் படங்களும் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களும் அமுங்கிய உண்மையான வடிவத்தைக் காட்டும்.

ஒரு படத்தை அச்செடுத்து அதன்மேல் மூன்று வண்ணப் பேனாவால் குறியுங்கள். ஒன்று தையல் ஓடும் கோடுகள். இரண்டாவது உறை சட்டத்தோடு கட்டப்பட்ட புள்ளிகள்: கொக்கி, பொத்தான், முடிச்சு, மூலை. மூன்றாவது உடல் எடை விழும் இடம்: இரண்டு தொடைகளுக்கான பள்ளம், இடுப்பு பின்னால் சாயும் இடம், தோள்பட்டை உராயும் இடம். இந்தப் படம் மேசையில் கண்முன்னே கிடக்கட்டும். பிறகு கருவியைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குறியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அளவுக் கணக்கு

சிற்றளவில் சின்ன விஷயம் எவ்வளவு சின்னது என்று முன்பே தெரிந்துகொண்டால் பாதி வீண் வேலை குறையும். 45 செ.மீ. அகல இருக்கை 1/72-இல் (நிஜத்தின் 72-இல் ஒரு பங்கு அளவில்) 6.25 மி.மீ., 1/48-இல் 9.4, 1/32-இல் 14, 1/24-இல் 18.8 மி.மீ. ஆறு செ.மீ. தடிமன் மெத்தை 1/48-இல் 1.25 மி.மீ.தான், 1/32-இல் கிட்டத்தட்ட 1.9. மெத்தை ஓரத்தில் உருண்டையாக ஓடும் பைப்பிங் நிஜத்தில் 8 மி.மீ. என்று வைத்தால் 1/32-இல் 0.25 மி.மீ., 1/48-இல் 0.17. நான்கு மி.மீ. நீளத் தையல் 1/48-இல் 0.08 மி.மீ.; அது கண்ணுக்கே தெரியாது.

ஆகவே எதை உண்மை அளவில் செய்வது, எதை மிகைப்படுத்துவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய வேண்டும். 1/72-இல் மெத்தையின் வெளிவடிவம், இரண்டு பள்ளம், ஒரு ஓரக் கோடு, அவ்வளவு போதும். 1/48-இல் பைப்பிங்கும் நான்கைந்து பெரிய மடிப்பும் சேர்க்கலாம். தனித்தனித் தையல் 1/32-இலிருந்துதான் அர்த்தமுள்ளது, அதுவும் நிஜத்தைவிடச் சற்றுப் பெரிதாக. 1/72 இருக்கையில் தையல் காட்ட முயன்றவர்களின் வேலையைப் பார்த்திருக்கிறேன். விமானிக்குக் கயிற்றால் தைத்த மெத்தை கொடுத்தது போல இருக்கும்.

புட்டியும் கருவியும்

இரு பாகங்களைப் பிசைந்து சேர்க்கும் இபாக்ஸி புட்டிதான் இதற்கு ஏற்றது. டியூபில் வரும் கரைப்பான் புட்டி காயும்போது சுருங்கும், பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் இளக்கும், மெத்தைக்கு வேண்டாம்.

மில்லிபுட் என்ற இபாக்ஸி புட்டி தண்ணீரில் நன்றாக வழவழப்பாகும். காய்ந்தபின் உப்புத்தாளில் தேய்க்கலாம், கத்தியால் செதுக்கலாம். அதில் வெள்ளை ரகம் மிக நுண்மையானது, இந்த வேலைக்கு அதையே வாங்குங்கள். பிசைந்தபின் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கைக்கு வளையும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறுகிவிடும். மேஜிக் ஸ்கல்ப், அபாக்ஸி ஸ்கல்ப்ட் இரண்டும் இதே குடும்பம். இறுக ஒரு நாள் விட்டால் நல்லது. கிரீன் ஸ்டஃப் வேறு ஜாதி. ரப்பர் போல இழுபடும், மெல்லிய மடிப்பைப் பிடித்து வைக்கும், ஆனால் காய்ந்தபின் தேய்த்தால் நார் நாராக எழும். அது பட்டையாக வந்தால் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோட்டை வெட்டி எறியுங்கள். அங்கே ஏற்கெனவே இறுகிய துணுக்குகள் இருக்கும், கடைசியில் மெத்தை மேல் பருக்களாக வந்து நிற்கும்.

என் விருப்பம் மில்லிபுட்டையும் கிரீன் ஸ்டஃபையும் சரிபாதி கலப்பது. முதலில் ஒவ்வொன்றையும் அதனதன் முறைப்படி பிசைந்துவிட்டு, அப்புறம் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மில்லிபுட்டின் வழவழப்பும் கிரீன் ஸ்டஃபின் இழுவையும் கிடைக்கும், லேசாகத் தேய்க்கவும் முடியும்.

கருவிகளுக்கு அதிகம் செலவு செய்ய வேண்டாம். ரப்பர் முனை வைத்த வடிப்புத் தூரிகை ஒன்று, பல் மருத்துவர் பயன்படுத்தும் கரண்டி வடிவக் கருவி ஒன்று, முனையில் சிறு உருண்டை உள்ள குண்டுமுனைக் கருவி ஒன்று, தையல் ஊசி ஒன்று. நுனி மழுங்கத் தேய்த்த பல்குத்திகூடச் சில நேரம் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும். ரப்பர் முனையை மட்டும் கடினமான ரகமாகப் பாருங்கள். மென்மையானது புட்டியைத் தள்ளாமல் தானே வளையும். ஊசிமருந்து ஊசிகளின் முனையைச் சமமாக வெட்டித் தேய்த்தால் வட்டம் பதிக்கும் அச்சாகிவிடும்: 25 எண் ஊசி ஏறக்குறைய 0.5 மி.மீ., 21 எண் 0.8, 18 எண் 1.25 மி.மீ. வெளிவிட்டம்.

பிசையும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். இறுகாத இபாக்ஸி தோலில் தொடர்ந்து பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பிறகு எப்போதும் துன்பம்தான். காய்ந்ததைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. உலர்வாகத் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் முகமூடி அவசியம்.

படி 1: இருக்கையைத் தயார் செய்தல்

அச்சில் வந்த பிளாஸ்டிக் மெத்தையைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பெட்டி இருக்கைகளின் பக்கச்சுவரும் அளவுக்கு மீறித் தடித்திருக்கும். உள்பக்கம் சுரண்டி விளிம்பை மெல்லியதாக்கினால் பிறகு வைக்கும் மெத்தை இன்னும் மென்மையாகத் தெரியும்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும்: மெத்தை இருக்கையோடு ஒட்டியிருக்கட்டுமா, தனியாகக் கழற்றும்படி இருக்கட்டுமா? முடிந்தவரை கழற்றும்படி செய்யுங்கள். வண்ணம் அடிப்பது பாதி சுலபமாகும். அதற்கு இருக்கைத் தட்டில் வாசலின் மெல்லியதாகத் தடவிவிட்டுப் புட்டியை அமுக்குங்கள். இறுகியதும் மெதுவாக நெம்பினால் தட்டின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கழன்று வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ மறக்கக் கூடாது. வாசலின் மிச்சம் இருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒட்டாது. நிரந்தரமாக ஒட்ட வேண்டிய இடமென்றால் நேர்மாறு: தட்டைச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட வேண்டும், வழவழப்பான பிளாஸ்டிக்கை இபாக்ஸி பிடிக்காது.

படி 2: அடைப்பு

எல்லாவற்றையும் ஒரே அமர்வில் செய்ய ஆசைப்படுவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. ஒரு பக்கம் வடிக்கும்போது மறுபக்கம் விரல் பட்டு நசுங்கும். அதனால் முதலில் அடைப்பை மட்டும் செய்து இறுகவிடுங்கள்.

மெத்தையின் இறுதித் தடிமனில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குப் புட்டி எடுத்து, தட்டில் வைத்து, ஈர விரலால் பரப்புங்கள். மூலைகளை முழுக்க நிரப்ப வேண்டாம். பஞ்சோ ரப்பரோ அடைத்த மெத்தையின் மூலை எப்போதும் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும். உறை அங்கே தளர்ந்து நிற்கும். பிறகு குண்டுமுனையால் எடை விழும் இடங்களை அமுக்குங்கள். இரண்டு தொடைப் பள்ளங்கள் முன்னோரத்தில் ஆழம் குறைந்தும் பின்னால் ஒன்று சேர்ந்தும் இருக்கும். நடுவில் லேசான மேடு மிஞ்சும். இந்த மேடு பள்ளம் வெறும் அரை மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் மெத்தைக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

நன்றாக இறுகட்டும். அவசரம் என்றால் மேசை விளக்கின் கீழ் வைக்கலாம், சூடு இறுகுவதை வேகப்படுத்தும். பிளாஸ்டிக் இருக்கையோடு சேர்த்து வைத்தால் வளைந்துவிடும், கவனம்.

படி 3: உறை

இறுகிய அடைப்பைச் சற்றுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். புதிதாகப் பிசைந்த கலவையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, குழாய் போன்ற ஏதாவது ஒன்றால் உருட்டித் தகடாக்குங்கள். தாள்களில் முகப்பவுடர் தூவினால் ஒட்டாது. அடைப்பைத் தொடப்போகும் பக்கத்தில் மட்டும் பவுடரைத் துடைத்துவிடுங்கள். 1/32-க்கு 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமன் சரியாக வரும்.

உருட்டிய உடனே போர்த்தாதீர்கள். இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுங்கள். புதுப் புட்டி பிசுபிசுவென்று கருவியோடு எழுந்து வரும். கொஞ்சம் இறுகியது மடிப்பைப் பிடித்து நிற்கும். பிறகு அடைப்பின் மேல் போர்த்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றியபடி அமுக்குங்கள். ஓரங்களை அடைப்பின் அடிவரை இழுத்து மடித்து, மிச்சத்தை வெட்டுங்கள். இழுக்கும்போதே மூலைகளில் இரண்டொரு மடிப்பு தானாக விழும். அதை அழிக்காதீர்கள். நிஜமான உறை செய்வதையேதான் அது செய்கிறது.

படி 4: தையல் கோடும் பைப்பிங்கும்

மடிப்புக்கு முன் தையல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் மடிப்பு தையலிலிருந்துதான் தொடங்கும்.

தையல் கோட்டைக் கத்தியால் வெட்டாமல், மழுங்கிய முனையால் அமுக்கி ஓட்டுங்கள். வெட்டினால் இரு பக்கமும் கூர்மையான விளிம்பு நிற்கும். அமுக்கினால் இரு பக்கமும் உருண்டு உள்ளே இறங்கும். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருங்கள், ஆனால் சொட்டக் கூடாது. அதிகத் தண்ணீர் மேற்பரப்பைச் சேறாக்கும், காய்ந்தபின் செதில் செதிலாகத் தெரியும்.

பைப்பிங்கைப் புட்டியிலேயே உருட்டி வைப்பது சொல்ல எளிது, செய்யக் கடினம். ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்துவிடும். 0.2 மி.மீ. ஈயக் கம்பியோ மெல்லிய செம்புக் கம்பியோ எடுத்து, ஓரக் கோட்டில் பாதி புதையும்படி அமுக்கி, பக்கத்துப் புட்டியை ரப்பர் முனையால் அதன் மேல் லேசாக ஏற்றிவிடுங்கள். கம்பி மூலையில் சட்டென்று ஒடிந்து திரும்பக் கூடாது, வட்டமாகச் சுற்ற வேண்டும். இணைப்பு முனை பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரட்டும்.

தனித்தனித் தையல் வேண்டுமென்றால் ரிவெட் சக்கரம் (சீரான புள்ளி வரிசை பதிக்கும், பல் வைத்த சிறு சக்கரம்) உதவும். புட்டி பாதிக்கு மேல் இறுகியபின், சக்கரத்தை ஈரமாக்கி, அழுத்தாமல் ஓட்டுங்கள். முன்னமே ஓட்டினால் பற்கள் புட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; இடைவெளி சீராக வராது, தையலில் கண் முதலில் பார்ப்பதே இடைவெளியைத்தான்.

படி 5: சுருக்கங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று வகையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் வகை இழுவை மடிப்பு. ஒரு புள்ளியில் கட்டிய உறை அந்தப் புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்து ஓடும். பொத்தான், மூலை, வார் நுழையும் துளை, எல்லாம் இப்படித்தான். புள்ளியருகே ஆழமாகவும் ஒடுக்கமாகவும் தொடங்கி, போகப் போக அகன்று, ஆழம் குறைந்து மறைந்துவிடும். எல்லா மடிப்பையும் ஒரே நீளத்தில் போட்டால் சூரியன் படம் வரைந்தது போலாகும். ஒன்று நீளம், அடுத்தது பாதி, இன்னொன்று தொடங்கிய உடனே முடியட்டும்.

இரண்டாவது தையல் கொசுவம். நூல் இறுக்கியதால் தையல் கோட்டுக்குக் குறுக்கே எழும் குட்டிக் குட்டிச் சுருக்கங்கள். இவை தையலை ஒட்டி மட்டுமே இருக்கும். 1/32-இல் ஒரு மி.மீ. நீளத்தைத் தாண்டினாலே அதிகம். நேராக ஓடும் தையலில் குறைவு, வளைந்து ஓடும் தையலில் அதிகம்.

மூன்றாவது அமுக்கச் சுருக்கம். உட்கார்ந்து உட்கார்ந்து தளர்ந்த உறை, எடை விழுந்த பள்ளத்தின் கரையில் மடிந்து நிற்கும். பள்ளத்தின் நடுவில் அல்ல, கரையில். நடுவில் உறை தேய்ந்து வழவழப்பாகத்தான் இருக்கும். பலரும் இங்கே நேர்மாறாகச் செய்கிறார்கள்: நடுவில் சுருக்கம், ஓரத்தில் வழவழப்பு. முதுகுத் திண்டு கீழே மடங்கும் இடத்தில் குறுக்காக ஓடும் இரண்டு மூன்று நீண்ட சுருக்கமும் இந்த வகைதான்.

செய்முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ரப்பர் முனையால் ஒரு பள்ளத்தைத் தள்ளுங்கள். இரு கரையிலும் புட்டி மேடாக எழும். இரண்டு கரையையும் ஒரே மாதிரி விட்டால் உழுத சால் போலத் தெரியும். ஒரு கரையைத் தடவிச் சரிவாக்குங்கள், மறு கரையைச் செங்குத்தாக விடுங்கள். நிஜமான மடிப்பு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் கவிழ்ந்துதான் கிடக்கும்.

பொருளுக்கேற்ற மாற்றம் உண்டு. மெல்லிய தோலில் மடிப்பு உருண்டையாக, மென்மையாக இருக்கும். தடித்த தோல் குறைவாகவே மடியும். மடிந்த இடத்தில் அகலமான அலை. கேன்வாஸ் உடைந்து உடைந்து மடியும், முக்கோண முகங்கள் தெரியும், ஆகவே இங்கே ரப்பரைவிட உலோகக் கருவி நல்லது. ரெக்சின் வழவழப்பாக நீண்டு, ஓரங்களில் மட்டும் சுருங்கும்.

வேலை முழுவதும் ஒரே ஒரு விளக்கு, பக்கவாட்டில் தாழ்வாக எரியட்டும். மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். அவ்வப்போது கைபேசியில் நெருக்கமாகப் படமெடுத்துப் பாருங்கள். ஒரு மடிப்பு அதிகமா என்று சந்தேகம் வந்தால் அதிகம்தான், தடவி அழித்துவிடுங்கள்.

பொத்தான், கட்டத் தையல், தோல் விளிம்பு

பொத்தான் வைத்த திண்டுக்கு, முன்சொன்ன ஊசி அச்சை வட்டமாக அமுக்கி, அதைச் சுற்றிக் குண்டுமுனையால் பள்ளம் ஆக்கி, பிறகு விசிறி மடிப்புகளைப் பக்கத்துப் பொத்தானை நோக்கி ஓட்டுங்கள். இரண்டு பொத்தானுக்கு நடுவே மடிப்பு ஒன்றையொன்று சந்தித்தால் சாய்சதுரக் கட்டம் தானாக அமையும்.

ஹெலிகாப்டர் சுவர் விரிப்பு போன்ற பரந்த கட்டத் தையலுக்குப் புட்டி வேண்டாம். மென்மையான வெள்ளீயத் தகடோ தடித்த அலுமினியத் தாளோ எடுத்து, ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, அளவுகோல் வைத்துக் குண்டுமுனையால் சாய்ந்த கோடுகளை அழுத்துங்கள். கோடு இறங்கும், நடுக்கட்டம் உப்பும். கட்டத்தின் அளவை ஊகிக்காமல் படத்தில் எண்ணுங்கள்: ஒரு கதவின் அகலத்துக்குள் எத்தனை கட்டம் என்று எண்ணி, மாடல் கதவின் அகலத்தை அதால் வகுத்தால் சரியான இடைவெளி கிடைத்துவிடும். தகட்டைப் பின்பக்கம் இபாக்ஸிப் பசை நிரப்பி ஒட்டினால் பிறகு விரல் பட்டு நசுங்காது. ஈயத் தகடு பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், வேலை மேசையில் எதையும் சாப்பிடாதீர்கள்.

காக்பிட் வாயின் தோல் விளிம்புக்குப் புட்டியை நூலாக உருட்டி, உடலின் விளிம்பில் வைத்து, உள்ளும் புறமும் இறங்கும்படி அமுக்குங்கள். வளைவின் உட்பக்கத்தில் தோல் மிஞ்சும், அங்கே குறுக்குச் சுருக்கம் நெருக்கமாக வரும். வெளிப்பக்கத்தில் இழுபட்டு வழவழப்பாக இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும், அது ரப்பர் குழாய் அல்ல, தோல் என்று தெரிய.

கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் இருக்கும் உறைக்கும் இதே விதி: மேலே தண்டோடு இறுக்கிக் கட்டிய இடத்திலிருந்து கீழே அகன்று விழும் மடிப்புகள், தண்டு சாயும் பக்கம் மட்டும் குறுக்கே நெரிந்திருக்கும்.

ஆட்டு ரோமம் போர்த்திய திண்டென்றால் புட்டி அரைகுறையாக இறுகும் நேரத்தில் பழைய விறைப்பான தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி எடுங்கள். ஒரே திசையில் குத்தாமல் கையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எடை விழும் இடத்தில் விரலால் ஒருமுறை அமுக்கிவிட்டால் ரோமம் படிந்தது போலாகிவிடும்.

வார்ப்பட்டைகள்

மெத்தை எவ்வளவு நன்றாக வந்தாலும் மேலே கிடக்கும் பெல்ட் காகிதம் போல விறைத்து நின்றால் எல்லாம் போச்சு. 45 மி.மீ. அகல வார் 1/32-இல் 1.4 மி.மீ., 1/48-இல் 0.94. மெல்லிய ஈய அல்லது வெள்ளீயத் தகட்டில் வெட்டினால் சொன்னபடி வளையும். கவனிக்க வேண்டியது ஒன்று: வார் வளையும், முறுக்கும், ஆனால் நீளாது, அகலவாக்கில் வளையாது. அதனால் மெத்தையின் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாலம் போலத் தாண்டித்தான் போகும். பக்கிளின் எடை அதைக் கீழே இழுக்கும். வாரும் பக்கிளும் மெத்தையில் பதியும் இடத்தைப் புட்டி மென்மையாக இருக்கும்போதே அச்செடுத்து வைத்தால், பிறகு ஒட்டும்போது கச்சிதமாக உட்காரும்.

பிரிட்டிஷ் விமானங்களின் சட்டன் வாரில் அகலமான நான்கு பட்டைகள், வரிசையாக உலோகக் கண்கள். விமானி தனக்கேற்ற கண்ணில் ஊசிக் கொக்கியைச் செருகுவார். அந்தக் கண்களை மேலே சொன்ன ஊசி அச்சாலேயே பதிக்கலாம்.

வண்ணம்

முதலில் மெல்லிய சாம்பல் பிரைமர். புட்டியில் தெரியாத விரல்ரேகையும் குழிகளும் இப்போது தெரியும். 1000 எண்ணுக்கு மேற்பட்ட உப்புத்தாளை ஈரமாக்கிச் சரிசெய்துவிட்டு இன்னொரு முறை அடியுங்கள்.

பழுப்புத் தோலுக்கு அடிவண்ணம் இறுதியில் வேண்டியதைவிடச் சற்று வெளிராக இருக்கட்டும். அது காய்ந்தபின் எண்ணெய் வண்ணத்தில் அடர் பழுப்பையும் செம்பழுப்பையும் கலந்து மெல்லியதாகப் பூசி, சில நிமிடம் கழித்து மேடுகளிலிருந்து உலர் தூரிகையால் துடைத்தெடுங்கள். பள்ளத்தில் தங்கியது நிழலாகும். எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காய்வதால் விளிம்பை மழுங்கடிக்க நேரம் கிடைக்கும். தோலுக்கு அக்ரிலிக்கைவிட இதையே நான் விரும்புவது அதனால்தான். மேடுகளை வெளிராக்க வெள்ளை கலக்க வேண்டாம், சுண்ணாம்பு படிந்தது போலாகும். காவி மஞ்சளோ தோல்நிறமோ கலக்குங்கள். கறுப்புத் தோலைச் சுத்தக் கறுப்பில் அடித்தால் நீங்கள் வடித்த அத்தனை மடிப்பும் காணாமல் போகும். பழுப்பு கலந்த அடர் சாம்பலில் தொடங்கி, பள்ளத்துக்கு மட்டும் கறுப்பைக் கொடுங்கள்.

தேய்மானம் பைப்பிங்கிலும் முன்னோரத்திலும் விமானி கால் வைத்து ஏறும் இடத்திலும் மட்டும். மெத்தை முழுக்கச் சமமாகத் தேய்த்தால் உப்புத்தாள் போட்டது போலத்தான் இருக்கும்.

மினுக்கத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கேன்வாஸுக்கும் வாருக்கும் முழு மேட் (மினுக்கமே இல்லாத) வார்னிஷ். தோல் அரை மினுக்கம், உடல் உராயும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ரெக்சின் முழுக்க ஒரே சீரான மினுக்கம்.

பொருத்துவதும் நகலெடுப்பதும்

மெத்தையை ஒட்டுமுன் இருக்கையைக் காக்பிட்டில் வைத்து, கண்ணாடி மூடியை மூடிப் பாருங்கள். அரை மி.மீ. உயர்ந்த மெத்தை தலைச்சாய்வை மூடியில் முட்டவைக்கும். உயரம் மிஞ்சினால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள், வடித்த மேற்பக்கத்தைத் தொடாதீர்கள்.

பயணிகள் விமானத்துக்கோ குண்டுவீச்சு விமானத்துக்கோ ஒரே மாதிரி பல இருக்கைகள் வேண்டுமென்றால், வண்ணம் அடிக்கும் முன்பே முதல் மெத்தையைச் சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, ஊற்றினால் இறுகும் ரெசினில் வார்த்துக்கொள்ளலாம். ஓரங்கள் உள்நோக்கி ஆழமாகக் கவியாமல் இருந்தால் ஒருபக்கத் திறந்த அச்சே போதும். ரெசினை ஊற்றுமுன் அச்சின் மடிப்புகளில் தூரிகையால் ஒருமுறை தடவிவிட்டால் காற்றுக் குமிழி தங்காது. எல்லாம் ஒரே அச்சில் வந்ததாகத் தெரியக் கூடாது என்றால், வார்த்த ஒவ்வொன்றிலும் ஒரு மடிப்பைத் தேய்த்து அழியுங்கள், இன்னோரிடத்தில் துளி புட்டி வைத்து ஒன்றைப் புதிதாக எழுப்புங்கள்.